நமது நீரிறைக்கும் இயந்திரத்தை நாமே பராமரிப்போம்

துலாவினால் நீர் இறைத்த காலத்தில், கயிறு அறுந்தால் கமக்காரனே புதுக்கயிறு திரித்தான். பட்டை கிழிந்தால் வீட்டிலுள்ளவர்களே பனையோலையில் புதிதாகக் கோலினார்கள். துலா முறிந்தால் அயலவர் நான்கு பேர் சேர்ந்து வேறு மரம் ஏற்றினார்கள். கருவியும் அதைத் திருத்தும் அறிவும் ஒரே வளவுக்குள் இருந்தன. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. வேலை இலகுவானது, ஆனால் அதைத் திருத்தும் அறிவு வளவை விட்டு வெளியேறி, பட்டணத்துத் திருத்தகத்துக்குச் சென்றுவிட்டது. இன்று இயந்திரம் நின்றால் நாமும் நின்றுவிடுகிறோம்.

சொந்தக் காணியும் கிணறும் உள்ளவருக்கே இது பெரிய இழப்பு. இடம்பெயர்ந்து, பிறருடைய காணியில் நான்கு பரப்பைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயமோ மிளகாயோ வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது இன்னும் கொடியது. வெங்காயம் தண்ணீருக்காகப் பல நாட்கள் காத்திராது. இயந்திரத்தைத் திருத்தகத்துக்கு ஏற்றிச்செல்ல ஒரு நாள், உதிரிப்பாகம் வர இரண்டு நாள், கூலிக்குக் கடன் வாங்க ஒரு நாள் என்று போனால், பயிர் வாடிவிடும். குத்தகை மட்டும் குறையாது. பயிர் போய்க் கடன் மட்டும் மிஞ்சிய குடும்பங்களில் இயந்திரமே ஈடாகப் போவதை நாம் பார்த்திருக்கிறோம்.

மீள்குடியேறிய ஊர்களில் இன்னொரு காட்சியும் உண்டு. உதவியாகக் கிடைத்த இயந்திரம் ஒரு போகம் ஓடியபின் கோடிப்புறத்தில் சாக்கு மூடிக் கிடக்கும். அவற்றுட் பலவற்றைக் கழற்றிப் பார்த்தால் பெரிய பழுது எதுவும் இருப்பதில்லை. அடைபட்ட ஒரு ஜெற், கரி பிடித்த ஒரு பிளக், தேய்ந்த ஒரு றப்பர் வாசர் என்பனவே காரணமாக இருக்கும். இவற்றை நாமே சரிசெய்யலாம் என்பதே இப்பாடத்தின் நோக்கம். பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் இரண்டு அங்குலச் சிறிய இயந்திரத்தைப் பற்றியே இங்கு பேசுகிறோம். மின்மோட்டார் வேறொரு பாடத்துக்குரியது.

இயந்திரம் கேட்பது மூன்றே

நமது இயந்திரம் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, தீப்பொறி. இவை மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் சிலிண்டருக்குள் சந்திக்க வேண்டும். கயிற்றை எத்தனை தரம் இழுத்தும் இயந்திரம் இயங்காவிட்டால், இம்மூன்றில் ஒன்று வரவில்லை என்று பொருள். கோபத்தோடு மேலும் மேலும் இழுப்பதால் பயனில்லை. எது வரவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேட வேண்டும். வைத்தியரும் நோயாளியிடம் முதலில் கேள்விதான் கேட்கிறார். மருந்து பின்னர்தான் வருகிறது.

முதலில் எளியவற்றைப் பாருங்கள். தாங்கியில் எண்ணெய் உண்டா? குழாய்ப்பூட்டு திறந்திருக்கிறதா? நிறுத்தும் சுவிச் 'ஓன்' நிலையில் உள்ளதா? தாங்கி மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறதா? ஒயில் குறைந்தால் தானாகவே நின்றுவிடும் அமைப்புச் சில இயந்திரங்களில் உண்டு. அப்படியாயின் ஒயில் போதுமா? ஸ்பனரைத் தொடுமுன் இவ்வளவும் பார்த்து முடிய வேண்டும்.

ஒயில்: இயந்திரத்தின் இரத்தம்

சிறிய இயந்திரங்கள் அழிவதற்கு முதற் காரணம் ஒயிலைக் கவனியாமையே. ஒவ்வொரு நாளும் இயக்குமுன் இயந்திரத்தைச் சமதரையில் வைத்து ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். ஒயில் துவாரத்தின் விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்புங்கள்.

புதிய இயந்திரத்தில் முதல் 20 மணித்தியாலம் ஓடியதும் ஒயிலை மாற்ற வேண்டும். அதன்பின் பெற்றோலில் ஓடுவதற்கு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை போதும். மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. காரணம் இதுதான்: முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. ஒயில் மட்டம் தானாகவே உயர்ந்திருந்தால் மகிழ வேண்டாம். முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணத்தால் உடனே மாற்றுங்கள்.

இயந்திரம் சற்றுச் சூடாக இருக்கும்போது அடியிலுள்ள ஆணியைக் கழற்றி ஒயிலை வடியவிடுங்கள். சூட்டில் ஒயில் இளகி, அழுக்கையும் கொண்டு வெளியேறும். நமது வெப்பத்துக்கு எஸ்.ஏ.ஈ. 30 அல்லது 20டபிள்யூ-40 ஒயில் பொருந்தும். சாதாரண இரண்டு அங்குல இயந்திரத்துக்குச் சுமார் 600 மில்லிலீற்றர் பிடிக்கும். இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே நம் குடிநீருக்கே செல்கிறது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் பட்ட துன்பத்தை நாம் மறக்கலாகாது. கழிவு ஒயிலைப் போத்தலில் சேர்த்துத் திருத்தகத்தில் கொடுங்கள்.

காற்று: எயார் கிளீனர்

செம்மண் தூசி இயந்திரத்துக்குள் போனால் சிலிண்டரை அரத்தாள் போலத் தேய்த்துவிடும். அதைத் தடுப்பது எயார் கிளீனர். 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, தூசி மிகுந்த கோடையில் அதற்கு முன்னரே, அதைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். பஞ்சு போன்ற வகையைச் சவர்க்கார நீரில் கழுவி, நிழலில் நன்கு உலர்த்தி, சுத்தமான ஒயிலில் தோய்த்து, முறுக்காமல் பிழிந்து பூட்டுங்கள். கடதாசி வகையைக் கழுவக்கூடாது. மெதுவாகத் தட்டித் தூசியை உதறுங்கள்.

எயார் கிளீனரைக் கழற்றிவிட்டால் இயந்திரம் வேகமாக ஓடுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. ஓடும், உண்மைதான், ஆனால் அதன் ஆயுளும் வேகமாகவே முடியும்.

தீப்பொறி: பிளக்

பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே உள்ளே நடப்பதைச் சொல்லும்.

• இளம் மண்ணிறம்: எல்லாம் நலம்.
• உலர்ந்த கருங்கரி: காற்றுக் குறைவு. எயார் கிளீனர் அடைபட்டிருக்கலாம், அல்லது சோக் திறக்காமல் ஓடியிருக்கலாம்.
• ஒயில் ஈரம்: உள்ளே ஒயில் எரிகிறது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.
• எரிபொருள் ஈரம்: எண்ணெய் அளவுக்கு மிஞ்சி வந்துள்ளது. பிளக்கை உலர்த்தி, எண்ணெய்ப் பூட்டை மூடி, கயிற்றைச் சில தரம் இழுத்து உள்ளே உள்ளதை வெளியேற்றியபின் பூட்டுங்கள்.

கரியைப் பித்தளைத் தூரிகையால் நீக்குங்கள். இரு முனைகளுக்கிடையே 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். அளவுகோல் இல்லாதவர்கள் இரும்பு அறுக்கும் வாளின் அலகைப் பயன்படுத்தலாம். அதன் தடிப்பு இதைவிடச் சற்றே குறைவு. ஆகவே அலகு இறுக்கமின்றிச் சென்று வந்தால் இடைவெளி ஏறக்குறையச் சரி.

தீப்பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோக உடம்பை இயந்திர உலோகத்தில் முட்டவைத்துக் கயிற்றை இழுங்கள். றப்பர்ப் பிடியுள்ள குறட்டால் பிடியுங்கள். பிளக் துவாரத்துக்கும் எரிபொருளுக்கும் அருகில் இதைச் செய்யாதீர்கள், ஆவி தீப்பற்றும். மீண்டும் பூட்டும்போது முதலில் கையால் மட்டும் திருகுங்கள். சிலிண்டர்த் தலை அலுமினியம் ஆதலால் கோணலாக ஸ்பனர் போட்டால் மரை போய்விடும். அந்தச் செலவு பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு.

எரிபொருள்: மண்ணெண்ணெயும் காபரேற்றரும்

1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடையாதபோது, வடக்கில் நம்மவர் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். அன்று தேவை கற்பித்த அந்தப் பாடத்தின் அடிப்படை எளியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் இலகுவாக ஆவியாகாது. அதற்குச் சூடு வேண்டும். ஆகவே மண்ணெண்ணெய் இயந்திரத்தைப் பெற்றோலில் இயக்கி, மூன்று நான்கு நிமிடம் ஓடிச் சூடானபின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுங்கள். அப்படிச் செய்தால் காபரேற்றரில் பெற்றோலே நிற்கும். மறுநாள் இயந்திரம் இலகுவாக இயங்கும். பெற்றோலுக்கு மட்டுமென அமைந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி மிச்சம் பிடிக்க எண்ணாதீர்கள். அது பிஸ்டனைக் கெடுத்துவிடும்.

இயந்திரம் இயங்கி உடனே நின்றுவிட்டால் அல்லது சோக்கை மூடினால் மட்டும் ஓடினால், காபரேற்றரில் அடைப்பு இருக்கலாம். செய்யவேண்டிய முறை:

1. இயந்திரம் முற்றாக ஆறியபின், எண்ணெய்ப் பூட்டை மூடுங்கள். அருகில் அடுப்போ பீடியோ இருக்கக்கூடாது.
2. வெள்ளைத்துணி ஒன்றை விரியுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே அதன்மேல் வையுங்கள்.
3. காபரேற்றரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, தங்கியுள்ள தண்ணீரையும் மண்டியையும் துடையுங்கள்.
4. நடுவிலுள்ள பித்தளை ஜெற்றைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துவாரத்தினூடாக வெளிச்சம் தெரிய வேண்டும்.
5. அடைபட்டிருந்தால் பெற்றோலில் ஊறவைத்துச் சைக்கிள் பம்பினால் காற்றடியுங்கள். போகாவிட்டால் மின்வயரின் ஒற்றைச் செப்பு நூலை விட்டு எடுங்கள். ஊசியோ இரும்புக் கம்பியோ விடாதீர்கள்; துவாரம் பெருத்தால் இயந்திரம் என்றென்றைக்கும் கூடுதலாக எண்ணெய் குடிக்கும்.
6. கிண்ணத்தின் றப்பர் வளையம் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். எல்லாவற்றையும் எதிர் வரிசையில், அளவோடு இறுக்கிப் பூட்டுங்கள்.

எரிபொருளை எப்போதும் துணியில் வடித்தே ஊற்றுங்கள். காபரேற்றர் அடைப்புகளில் பெரும்பங்கை இந்த ஒரு பழக்கம் தடுக்கும். இயந்திரம் சூடாக இருக்கும்போதோ ஓடும்போதோ எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியது. விலை நம் கையில் இல்லை. இயந்திரம் குடிக்கும் அளவு ஓரளவு நம் கையில் உண்டு. தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, ஒரு மணித்தியாலம் இறைத்து, இயந்திரம் ஆறியபின் அளவுப் போத்தலால் மீண்டும் நிரப்புங்கள். ஊற்றிய அளவே ஒரு மணித்தியாலச் செலவு. அதை எழுதி வையுங்கள். அடுத்த மாதம் கால் லீற்றர் கூடியிருந்தால், மாதம் 40 மணித்தியாலம் இறைப்பவருக்கு அது 10 லீற்றர். அன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். எயார் கிளீனரைக் கழுவ எடுக்கும் அரை மணித்தியாலத்தின் பெறுமதி அப்போது விளங்கும்.

இயந்திரம் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் பம்ப் செய்வது குழாயிலுள்ள காற்றழுத்தத்தைக் குறைப்பதே. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுத்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றினால் ஏறக்குறைய 10 மீற்றர் உயரம் வரையே தள்ள முடியும். நடைமுறையில் 7 மீற்றருக்கு, அதாவது சுமார் 23 அடிக்கு மேல் நம்பக்கூடாது. எவ்வளவு வலுவான இயந்திரம் வாங்கினாலும் இந்த எல்லை மாறாது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. உறிஞ்சு குழாயில் ஊசித்துவாரம் இருந்தாலும் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றே வரும். ஆகவே தண்ணீர் வராதபோது பின்வருமாறு தேடுங்கள்:

• பம்பின் வாயால் தண்ணீர் நிரப்பினீர்களா? நிரப்பிய நீர் இறங்கிக்கொண்டே போனால் புட்வால்வு ஒழுகுகிறது. கழற்றி, சிக்கிய கல்லையோ வேரையோ எடுத்து, றப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.
• புட்வால்வின் சல்லடையில் பாசி அடைத்திருக்கிறதா? அது நீருக்குள் ஓர் அடியாவது ஆழத்திலும், கிணற்றின் அடித்தளத்திலிருந்து ஓர் அடியாவது உயரத்திலும் நிற்க வேண்டும்.
• உறிஞ்சு குழாயின் மூட்டுகளில் சவர்க்கார நுரையைப் பூசிப் பம்பை ஓடவிடுங்கள். நுரை உள்ளே இழுபடும் இடத்தில் ஒழுக்கு உண்டு. கிளிப்பை இறுக்குங்கள், அவசரத்துக்குப் பழைய சைக்கிள் ரியூப் கீலத்தை இழுத்துச் சுற்றலாம்.
• குழாய் நடுவில் மேடாக வளைந்திருக்கிறதா? மேட்டில் காற்றுத் தங்கும். கிணற்றிலிருந்து பம்ப் வரை ஏறுமுகமாகவே வையுங்கள்.

தண்ணீர் நிரப்பாமல் பம்பை ஓடவிடவே கூடாது. இயந்திரத்துக்கும் பம்புக்கும் இடையில் தண்ணீரைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் ஒன்று உண்டு. அதைக் குளிரவைப்பது பம்பிலுள்ள தண்ணீரே. வறண்டு ஓடினால் சில நிமிடங்களில் அது கருகிவிடும். இயந்திரத்துக்கும் பம்புக்கும் நடுவே அடியில் தண்ணீர் சொட்டினால் சீல் தேய்ந்துவிட்டது என்று அறியலாம். இதை மாற்றுவதற்கு முதல் தடவை மெக்கானிக்கை அழையுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த தடவை அவர் பக்கத்தில் நிற்க, நீங்கள் செய்யுங்கள். வால்வு, பிஸ்டன், காந்தச்சில்லு ஆகியவற்றை மட்டும் அனுபவமுள்ளவரிடமே விடுங்கள்.

கிணற்றுக்குள் இயந்திரத்தை இறக்காதீர்கள்

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது, இயந்திரத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடும் வழக்கம் உண்டு. இது உயிரைப் பறிக்கும் வழக்கம். இயந்திரப் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்றுக்குள் அது கலைந்து போகாமல் தங்கிவிடும். உள்ளே இறங்குபவருக்குத் தலை சுற்றும். ஏற வேண்டும் என்று எண்ணுமுன் கைகால் சோர்ந்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கிய தம்பியும் மகனும் சேர்ந்து இறந்த துயரங்கள் பல ஊர்களில் நடந்துள்ளன.

விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால் இறங்கலாம் என்பது பழைய சோதனை. அது ஒட்சிசன் குறைந்திருப்பதை மட்டுமே காட்டும். காபனோரொட்சைட்டு நிறைந்த இடத்திலும் விளக்கு எரியும். ஆகவே அதை நம்ப வேண்டாம். இயந்திரம் எப்போதும் வெளியிலே, காற்றோட்டமான இடத்திலே நிற்கட்டும். யாராவது கிணற்றுக்குள் மயங்கி விழுந்தால், நாமும் இறங்காமல், கயிற்றை எறிந்து உதவிக்கு ஆட்களை அழைக்க வேண்டும்.

நீர்மட்டம் 7 மீற்றருக்குக் கீழே போனால் அது ஓர் எச்சரிக்கையும் ஆகும். குடாநாட்டில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். அக்காலத்தில் பாத்திகளைக் குறைத்து, வைக்கோலோ சருகோ பரப்பி ஈரத்தைக் காத்து, மாலையில் இறைப்பதே அறிவு.

இடம் மாறும்போதும் நிறுத்தி வைக்கும்போதும்

1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்திலிருந்து வெளியேறியபோதும், 2009 இல் வன்னியிலும், இயந்திரத்தைச் சுமந்து செல்ல முடியாமல் விட்டுச் சென்றவர்கள் எத்தனையோ பேர். இனி அப்படியொரு நாள் வராதிருக்க மன்றாடுவோம். ஆயினும் காணி மாறுவதும் குத்தகை முடிவதும் நம் வாழ்வில் அடிக்கடி நடப்பவை. எடுத்துச் செல்லும்போது இயந்திரத்தை நிமிர்த்தியே வையுங்கள். சரித்தால் ஒயில் சிலிண்டருக்குள் போகும்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாயின் தாங்கியையும் மிதவைக் கிண்ணத்தையும் வடியுங்கள். பம்பிலுள்ள தண்ணீரையும் வடியுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாகச் சில தரம் இழுத்துப் பிளக்கைப் பூட்டுங்கள். கடைசியாக, கயிறு கனக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்நிலையில் வால்வுகள் மூடியிருக்கும். ஈரம் உள்ளே போகாது.

வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்தின் கயிற்றை உடனே இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஒயிலையும் எரிபொருளையும் முற்றாக மாற்றியபின்னரே இயக்க வேண்டும்.

குழுவாகச் செய்வோம்

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கருவிப்பெட்டி தேவையில்லை. பத்துக் குடும்பங்களுக்கு ஒன்று போதும். பிளக் ஸ்பனர், 8 முதல் 14 வரையான ஸ்பனர்கள், இரண்டு திருகாணிச் சாவிகள், குறடு, பித்தளைத் தூரிகை, ஒரு புதிய பிளக், புட்வால்வு றப்பர், சில கிளிப்புகள் ஆகியன அதில் இருக்கட்டும். பெட்டிக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். இரவல் போவதையும் வருவதையும் அவர் எழுதட்டும்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு கொப்பி வையுங்கள். ஓடிய மணித்தியாலம், ஊற்றிய எண்ணெய், ஒயில் மாற்றிய திகதி, கண்ட பழுது ஆகிய நான்கு விடயங்கள் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இதை எழுதலாம்.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யுத்தத்தின் பின் வன்னியில் இத்தகைய குடும்பங்கள் பல. இயந்திர வேலை ஆண்களுக்குரியது என்ற எண்ணத்தினால், ஒரு பிளக் மாற்றுவதற்கும் அயலில் ஓர் ஆணைக் கெஞ்ச வேண்டிய நிலையில் சகோதரிகள் இருக்கிறார்கள். சிலவேளை அந்த உதவிக்கு அவர்கள் கொடுக்கும் விலை பணமாக மட்டும் இருப்பதில்லை. இப்பாடத்தில் சொன்ன எந்த வேலைக்கும் ஆணின் உடற்பலம் தேவையில்லை. பொறுமையும் சுத்தமும் போதும். அவை இரண்டும் நம் பெண்களிடம் நிறையவே உண்டு. பயிற்சிக்கு ஆட்களைத் தெரியும்போது அவர்களை முதலில் அழையுங்கள்.

நம் ஆண்டவர் நாசரேத்தில் பல ஆண்டுகள் தச்சுவேலை செய்தார். உளியைத் தீட்டவும் கைப்பிடி மாற்றவும் அவர் வேறொருவரைத் தேடியிருப்பார் என்று நாம் எண்ணுவதில்லை. கருவியைப் பேணுவதும் உழைப்பின் ஒரு பகுதி. காணி நம் கைக்கு வர இன்னும் காலம் செல்லலாம். அறிவு இன்றே வரலாம். அதை ஒருவரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாது; எங்கு போனாலும் நம்மோடு வரும்.

கலந்துரையாடலுக்கு

1. நமது கிராமத்தில் ஓடாமல் கிடக்கும் இயந்திரங்கள் எத்தனை? அவை எதனால் நின்றன என்று எவராவது திறந்து பார்த்ததுண்டா?
2. சென்ற போகத்தில் திருத்தக் கூலிக்கும் பயணத்துக்கும் நாம் ஒவ்வொருவரும் செலவழித்தது எவ்வளவு? அதில் நாமே செய்திருக்கக்கூடியது எது?
3. கிணற்றுக்குள் இயந்திரம் இறக்கும் வழக்கம் நம் அயலில் உண்டா? அதை நிறுத்த நாம் யாரிடம், எப்போது பேசுவோம்?
4. கருவிப்பெட்டிக்கு ஒவ்வொரு குடும்பமும் மாதம் எவ்வளவு சேமிக்கலாம்? பொறுப்பாளர் யார்?
5. அடுத்த கூட்டத்துக்கு ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து, பிளக்கையும் எயார் கிளீனரையும் எல்லோரும் ஒருமுறை தம் கையால் கழற்றிப் பூட்டுவோமா?